கஸ்டடி உத்தரவை மாற்ற எந்த நீதிமன்றத்தில் மனு போடுவது? படிப்படியான வழிகாட்டி

குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. நாலைந்து வருடம் கழித்து நிலைமை மாறுகிறது. ஒருவருக்கு வெளியூரில் வேலை, இன்னொருவருக்கு மறுமணம், அல்லது குழந்தைக்கே வயதாகி 'நான் அங்கே இருந்துகொள்கிறேன்' என்கிறது. பழைய உத்தரவை மாற்றக் கேட்க வேண்டும். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் தாங்கள் இப்போது குடியிருக்கும் ஊர் நீதிமன்றத்துக்கு நேராகப் போய்விடுகிறார்கள்.

மனு நம்பர் ஆகாமல், அதாவது கோப்பில் ஏற்று வழக்கு எண் கொடுக்கப்படாமல், உடனே திரும்பி வந்தால் அது அதிர்ஷ்டம். நம்பர் ஆகி, சம்மன் போய், எதிர்த்தரப்பு பதிலுரை போட்டு, ஏழெட்டு வாய்தா முடிந்தபின் 'இந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை' என்று வந்து நிற்பதுதான் கொடுமை. நான் ஜூனியர் வக்கீலாக இருந்தபோது தாக்கல் செய்த முதல் கஸ்டடி மனுவுக்கு இதுதான் நடந்தது. கட்சிக்காரரின் முகவரியைப் பார்த்து ஊரை முடிவு செய்திருந்தேன். ஒரு வருடம் வீணாயிற்று. அந்த ஒரு வருடத்தில் குழந்தை அடுத்த வகுப்புக்குப் போய்விட்டது.

இரண்டே கேள்விகள், இந்த வரிசையில்: பழைய உத்தரவு எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது? குழந்தை இப்போது எங்கே வசிக்கிறது? மனுப்போடுபவரின் முகவரி இந்த இரண்டிலும் இல்லை. கீழே உள்ளது இந்தியச் சட்டம், தமிழ்நாட்டு நீதிமன்ற நடைமுறை.

1. உங்களுக்கு வேண்டியது மாற்றம்தானா?

இதை முதலில் கேட்கக் காரணம், பதிலைப் பொறுத்து நீதிமன்றமே மாறிவிடும்.

உத்தரவு வந்த நாளில் இருந்த நிலைமையே இன்றும் இருக்கிறது, நீதிபதி தவறாக முடிவு செய்துவிட்டார் என்பது மட்டும்தான் உங்கள் குறை என்றால், அது மேல்முறையீடு. குடும்ப நல நீதிமன்றத்தின் தீர்ப்பு என்றால் உயர் நீதிமன்றம் போக வேண்டும். குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984-ன் 19-ஆம் பிரிவு இதற்கு 30 நாள் என்கிறது.

உத்தரவு சரிதான், ஆனால் எதிர்த்தரப்பு அதை மதிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை குழந்தையைக் காட்டுவதில்லை என்றால், அது நிறைவேற்றல் மனு. மாற்றக் கேட்டால் 'இருக்கிற உத்தரவே போதுமே' என்பார்கள்.

உத்தரவுக்குப் பிறகு ஏதோ ஒன்று உண்மையிலேயே மாறியிருக்கிறது என்றால் மட்டும் மேலே படியுங்கள். 'ஒருமுறை முடிந்தது முடிந்ததுதான்' என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். கஸ்டடி உத்தரவுகள் இயல்பிலேயே தற்காலிகமானவை, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்று ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரஸ்பர சம்மத விவாகரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்ட கஸ்டடி நிபந்தனைக்கும் இது பொருந்தும் என்று விக்ரம் வீர் வோரா வழக்கில் 2010-ல் சொன்னது.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ போதாது; அதில் கடைசிப் பக்கம் மட்டும்தான் இருக்கும், நமக்கு வேண்டியதோ முதல் பக்கம். நகல் தொலைந்திருந்தால் அதே நீதிமன்றத்தில் நகல் மனு போடுங்கள். வழக்கு எண் நினைவில்லை என்றால் ஈ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயரை வைத்துத் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள 16 இலக்க சி.என்.ஆர். எண் கிடைத்துவிட்டால் வேலை சுலபம்.

அதோடு பழைய மனுவின் நகல், சமரச ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அது, மேல்முறையீடு நடந்ததா என்ற விவரம்.

குழந்தை வசிப்பதற்கான ஆதாரங்கள் தனி: பள்ளியின் போனஃபைடு சான்றிதழ், பழைய பள்ளியின் டி.சி., தடுப்பூசி அட்டை, மருத்துவரின் சீட்டுகள், வாடகை ஒப்பந்தம். ஆதாரில் உள்ள முகவரியை மட்டும் நம்பி வராதீர்கள். தாத்தா வீட்டு முகவரியே பத்து வருடமாக மாறாமல் இருக்கும்.

3. பழைய உத்தரவின் முதல் பக்கத்தைப் படியுங்கள்

எல்லோரும் கடைசிப் பக்கத்துக்குத்தான் ஓடுகிறார்கள். நமக்கு வேண்டியது வழக்கு எண்ணின் முன்னால் உள்ள எழுத்துகளும், 'இன்ன சட்டம், இன்ன பிரிவின் கீழ்' என்ற வரியும். உத்தரவை மாற்றும் அதிகாரம் அந்த வரியில் இருக்கும் சட்டத்திலிருந்துதான் வருகிறது.

எச்.எம்.ஓ.பி. என்று இருந்தால் இந்து திருமணச் சட்டம் 1955. அதன் 26-ஆம் பிரிவுதான் உங்கள் கதவு. வழக்கு நடக்கும்போது மட்டுமல்ல, தீர்ப்புக்குப் பிறகும் குழந்தையின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு பற்றி உத்தரவு போடவும், போட்டதை ரத்து செய்யவும், நிறுத்தி வைக்கவும், மாற்றவும் அந்தப் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. எந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதோ அங்கேயே போகலாம், குழந்தை ஊர் மாறியிருந்தாலும்.

சிறப்புத் திருமணச் சட்டம் 1954 என்றால் இதே வேலையை 38-ஆம் பிரிவு செய்கிறது. கிறிஸ்தவத் திருமணம், விவாகரத்துச் சட்டம் 1869 என்றால் 41 முதல் 44 வரையுள்ள பிரிவுகளைப் பார்க்க வேண்டும். இவற்றில் சில வழக்கு நடக்கும்போதைக்கு, சில தீர்ப்புக்குப் பிறகைக்கு. தவறான எண்ணைப் போட்டால் அங்கேயே மடக்குவார்கள்.

ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று இருந்தால் பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டம் 1890. இஸ்லாமியக் குடும்பங்களின் கஸ்டடி வழக்குகள் பெரும்பாலும் இதன் கீழ்தான் வரும். விவாகரத்தே ஆகாமல் பிரிந்திருப்பவர்கள், பெற்றோர் இறந்து தாத்தா பாட்டி கேட்ட வழக்குகள் எல்லாமும் இங்கேதான். இந்தச் சட்டத்தில் 9-ஆம் பிரிவு எல்லாவற்றையும் ஆள்கிறது: மைனர் சாதாரணமாக வசிக்கும் இடத்து நீதிமன்றம். பழைய உத்தரவு எங்கே வந்தது என்பதைவிட, இன்று குழந்தை எங்கே என்பதே முக்கியம்.

குடும்ப வன்முறைச் சட்டம் 2005-ன் 21-ஆம் பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட் கொடுத்தது என்றால், அது தற்காலிகக் கஸ்டடி மட்டுமே. சூழ்நிலை மாறிவிட்டது என்று காட்டி 25(2) பிரிவின் கீழ் அதே மாஜிஸ்திரேட்டிடம் மாற்றம் கேட்கலாம். நிரந்தரமான ஏற்பாடு வேண்டுமென்றால் அங்கே மல்லுக்கட்டாமல் குடும்ப நல நீதிமன்றத்துக்கு வருவதே நல்லது.

4. வழக்கு முடிந்துவிட்டதா, இன்னும் ஓடுகிறதா?

விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கும்போது வந்த இடைக்கால உத்தரவு என்றால் வேறு எங்கும் போக வேண்டாம். அதே வழக்கில் ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) போடுங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருந்தால், அந்த மேல்முறையீட்டிலேயே உயர் நீதிமன்றத்தில் கேளுங்கள். ஒரே குழந்தையைப் பற்றி இரண்டு நீதிமன்றம் ஒரே நேரத்தில் உத்தரவு போடுவதை எந்த நீதிபதியும் விரும்புவதில்லை.

5. குழந்தை 'சாதாரணமாக வசிக்கும்' இடத்தைக் கண்டுபிடியுங்கள்

எச்.எம்.ஓ.பி. உத்தரவு வைத்திருப்பவர்களும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்த படியில் தேவைப்படும்.

மனுப்போடும் நாளில் குழந்தை எந்த ஊரில் இருக்கிறது என்பதல்ல கேள்வி. எந்த ஊரில் அதன் வாழ்க்கை நடக்கிறது என்பது. பள்ளி எங்கே, டியூஷன் எங்கே, காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர், சாயங்காலம் யாரோடு விளையாடுகிறது? ருச்சி மஜூ வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் இதை ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும் வைத்து முடிவு செய்ய வேண்டியது என்றது. ஆக, இத்தனை மாதம் இருந்தால் போதும் என்று நம் சட்டத்தில் ஒரு கணக்கு இல்லை. வெளிநாட்டு நண்பர்கள் 'ஆறு மாதம்' என்பார்கள். அது அமெரிக்கச் சட்டம், இங்கே செல்லாது.

புதிதாக வருபவர்கள் விழும் குழிகள் எல்லாம் இந்தப் படியில்தான்.

கோடை விடுமுறைக்கு வந்த குழந்தையைத் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டு, ஜூன் மாதம் இங்கே பள்ளியில் சேர்த்து, ஜூலையில் இங்கேயே மனுப்போடுவது. இது செல்லாது என்பது மட்டுமல்ல, உத்தரவை மீறியவர் என்ற பெயரோடு வழக்கைத் தொடங்குகிறீர்கள். தூக்கிக்கொண்டு வந்ததால் வசிப்பிடம் மாறிவிடாது.

ஹாஸ்டல் குழப்பம் இன்னொன்று. குழந்தை ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிறது, அம்மா வீடு ஈரோட்டில். விடுமுறைக்கெல்லாம் ஈரோடுதான் வருகிறது என்றால், என் கணிப்பில் ஈரோடுதான் பாதுகாப்பான பதில். படிப்புக்காகத் தங்குவதும் குடியிருப்பதும் வேறு வேறு.

'ஐந்து வயது ஆகாத குழந்தை, சட்டப்படி அம்மாவிடம்தானே' என்று சொல்லி அம்மா போன ஊரையெல்லாம் குழந்தையின் ஊராக எழுதுவது மூன்றாவது. 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தையின் பொறுப்பு சாதாரணமாகத் தாயிடம் என்கிறது. அது யாரிடம் என்ற கேள்விக்கான பதில். எந்த நீதிமன்றம் என்பதற்கு அதைத் துணைக்கு அழைக்கலாமே தவிர, அதையே பதிலாக்க முடியாது.

6. பழைய உத்தரவும் குழந்தையின் வசிப்பிடமும் வேறு வேறு ஊரைக் காட்டினால்

ஓர் உதாரணம். திருநெல்வேலியில் எச்.எம்.ஓ.பி.யில் விவாகரத்து, குழந்தை அம்மாவிடம். அம்மா வேலை கிடைத்து கோயம்புத்தூர் வந்து மூன்று வருடம் ஆகிறது, குழந்தை அங்கே ஐந்தாம் வகுப்பு. அப்பா ஓசூரில். அப்பா உத்தரவை மாற்றக் கேட்கிறார்.

ஓசூர்? கிடையவே கிடையாது. ஆனால் பத்தில் ஆறு பேர் அங்கேதான் போய் நிற்பார்கள்.

திருநெல்வேலிக்கு 26-ஆம் பிரிவின் கீழ் போகலாம். கோயம்புத்தூரில் 1890 சட்டத்தின் கீழ் புதிதாக மனுப்போடவும் வழி உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சந்திக்கும் நாளை மாற்றுவது, தசரா விடுமுறையைப் பிரிப்பது, பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து போன்ற திருத்தங்கள் என்றால் நான் திருநெல்வேலிக்குத்தான் அனுப்புவேன். உத்தரவு போட்ட இடத்திலேயே வழக்குக் கட்டு இருக்கிறது, ஒரு வரியை மாற்றச் சொல்கிறோம், அதிகார வரம்புச் சண்டை வராது.

குழந்தையையே இடம் மாற்றக் கேட்கிறீர்கள் என்றால் கணக்கு வேறு. ஆசிரியர், டாக்டர், பக்கத்து வீட்டார் என்று சாட்சி எல்லாம் கோயம்புத்தூரில். நீதிபதி குழந்தையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச விரும்புவார். அதற்காக அதைத் திருநெல்வேலிக்கு அலைக்கழிப்பது குழந்தைக்கு நல்லதல்ல. கோயம்புத்தூர் பொருத்தம். ஆனால் ஒரு விலை உண்டு: 'இன்னொரு நீதிமன்றத்தின் உத்தரவை இங்கே எப்படி மாற்றலாம்' என்ற ஆட்சேபணை முதல் நாளே வரும். பழைய உத்தரவை மறைக்காமல் மனுவின் முதல் பத்தியிலேயே சொல்லி, நகலையும் இணைத்துவிட்டால் அந்த ஆட்சேபணையின் பல் பாதி போய்விடும். மறைத்தால் நீங்கள் போய்விடுவீர்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு ஊரிலும் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பழைய உத்தரவு ஜி.டபிள்யூ.ஓ.பி. என்றால் இந்த இழுபறி அவ்வளவு இல்லை. குழந்தை இப்போது சாதாரணமாக வசிக்கும் ஊர். ஆனால் நீதிமன்றமே பாதுகாவலராக நியமித்தவர் குழந்தையை அந்த நீதிமன்ற எல்லைக்கு வெளியே கொண்டுபோக அதே 1890 சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி அனுமதி வாங்க வேண்டும். எண் ஒன்றுபோல இருப்பதால் இதையும் இந்து திருமணச் சட்டத்தின் 26-ஐயும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

7. ஊர் தெரிந்தது, எந்த நீதிமன்றம்?

அந்தப் பகுதிக்குக் குடும்ப நல நீதிமன்றம் இருந்தால் அதுதான். 1984 சட்டத்தின் 7-ஆம் பிரிவில் குழந்தையின் பொறுப்பும் சந்திப்பு உரிமையும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 8-ஆம் பிரிவு மாவட்ட நீதிமன்றத்திடமிருந்து அந்த அதிகாரத்தை எடுத்துவிடுகிறது. உங்கள் தீர்ப்பு சார்பு நீதிமன்றத்தில் வந்து, பிறகு அங்கே குடும்ப நல நீதிமன்றம் திறக்கப்பட்டிருந்தால், மாற்ற மனு புதிய நீதிமன்றத்துக்கு.

இல்லாத இடங்களில் எச்.எம்.ஓ.பி. சார்பு நீதிமன்றத்திலும், ஜி.டபிள்யூ.ஓ.பி. மாவட்ட நீதிமன்றத்திலும்.

மாவட்டப் பிரிவினையையும் கவனியுங்கள். தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு எல்லாம் 2019-ல் பிரிந்தவை, மயிலாடுதுறை 2020-ல். அதற்கு முன் வந்த உத்தரவு என்றால் அந்த நீதிமன்றத்தின் வேலை இப்போது யாரிடம் என்று ஃபைலிங் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒரு நீதிமன்றத்தின் பணி இன்னொன்றுக்கு மாற்றப்பட்டால் அதே அதிகாரம் அதற்கும் உண்டு என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு சொல்கிறது.

சென்னைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தாம்பரத்தில் இருப்பவரும் ஆவடியில் இருப்பவரும் 'நான் சென்னை' என்றுதான் சொல்வார்கள். தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடி திருவள்ளூர் மாவட்டம். பின்கோடு சென்னையுடையதைப் போலவே ஆரம்பிப்பதால் சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்தில் போட்டு ரிட்டர்ன் வாங்கியவர்களை எண்ணி முடியாது. சென்னை எல்லைக்குள் என்றால் உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவிலும் கஸ்டடி மனுப்போட வழி இருக்கிறது. குடும்ப நல நீதிமன்றச் சட்டத்தால் அந்த அதிகாரம் போய்விடவில்லை என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2022-ல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.

8. அதிகார வரம்புப் பத்தியை நீங்களே எழுதிப் பாருங்கள்

மனுவின் கடைசியில் 'வழக்கு மூலம்' என்று ஒரு பத்தி வரும். பழைய மனுவிலிருந்து அதை அப்படியே ஒட்டிவிடுவது எங்கள் தொழிலில் பெரிய வியாதி. திருமணம் நடந்த மண்டபம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த வீடு எல்லாம் அதில் வந்து உட்கார்ந்திருக்கும். விவாகரத்து மனுவுக்கு அவை வேண்டும்; 1890 சட்டத்தின் கீழ் கஸ்டடிக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை.

அதற்குப் பதில்: குழந்தையின் வயது, எந்தத் தேதியிலிருந்து எந்த முகவரியில், எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு, அதற்கு முன் எங்கே, ஏன் மாறியது. இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு மனு என்றால் பழைய வழக்கு எண், தேதி, எந்தப் பத்தியை எப்படி மாற்ற வேண்டும். இந்தப் பத்தியை வக்கீலிடம் கொடுக்குமுன் நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் மூன்றாம், ஐந்தாம் படிகளில் எதுவோ இன்னும் தெளிவாகவில்லை.

9. தூரம்தான் தொந்தரவு என்றால்

தவறான நீதிமன்றத்தில் போடுவது தூரத்துக்குத் தீர்வல்ல. சரியான இடத்தில் போட்டுவிட்டு, மாற்றக் கேளுங்கள். ஒரே மாநிலத்துக்குள் மாவட்டம் விட்டு மாவட்டம் என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 24-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம். தென் மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. பெங்களூரிலிருந்து சேலத்துக்கு என்பதுபோல மாநிலம் விட்டு மாநிலம் என்றால் 25-ஆம் பிரிவு, உச்ச நீதிமன்றம்தான்.

10. அவசரமும் வெளிநாடும்

குழந்தையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. சட்டவிரோதமாக வைத்திருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால் கஸ்டடி விஷயத்திலும் அது நிற்கும் என்று தேஜஸ்வினி கௌட் வழக்கு, 2019, சொல்கிறது. ஆனால் அது குழந்தையை மீட்கும் வழி. உத்தரவை மாற்றும் குறுக்குவழியாக அதைப் பயன்படுத்தப் பார்த்தால் 'குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போ' என்பார்கள்.

குழந்தை வெளிநாட்டிலேயே வளர்ந்து, அங்கே பள்ளி போய்க்கொண்டிருந்தால், இங்கே 1890 சட்டத்தின் கீழ் மனு நிற்பது கடினம். கொஞ்ச நாளைக்கென்று இங்கே வந்த இடத்தில் ஹைதராபாத்தில் போட்ட மனுவை லஹரி சகமூரி வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுபக்கம், வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவை வைத்துக்கொண்டு இங்கே வருபவர்களுக்கு: குழந்தைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே அந்த உத்தரவு இங்கே தானாக நிறைவேறாது. குழந்தையின் நலனைப் பார்க்கும்போது எடைபோடப்படும் விஷயங்களில் ஒன்று, அவ்வளவுதான்.

11. நீங்கள் எதிர்மனுதாரர் என்றால்

சம்மன் வந்த அன்றே மேலே உள்ள முதல் ஏழு படிகளையும் எதிர்த்தரப்பின் மனுவில் போட்டுப் பாருங்கள். இடம் தவறு என்று தோன்றினால், அந்த ஆட்சேபணை உங்கள் பதிலுரையின் முதல் பத்தியாக இருக்க வேண்டும். இட எல்லை பற்றிய ஆட்சேபணையை முதல் வாய்ப்பிலேயே எழுப்பாமல், சாட்சி விசாரணை எல்லாம் முடிந்து, தீர்ப்பு பாதகமாக வந்தபின் மேல்முறையீட்டில் எழுப்பினால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்.

ஆட்சேபணை வென்றால் மனு தள்ளுபடி ஆகிவிடாது, சரியான நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சொல்லித் திருப்பித் தரப்படும். அடுத்த மாதமே சரியான ஊரிலிருந்து சம்மன் வரலாம். அந்த இடைவெளியில் பழைய உத்தரவு அப்படியே அமலில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு என்று அதில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை குழந்தையை அனுப்பத்தான் வேண்டும்.